மூன்றடி பின்னுக்கு

"நாலு மணிக்கு வேலை முடியுது, ஐஞ்சரைக்கு வாறாய், நடுவில எங்க..."

"பஸ் பிந்தினது எண்டு சொன்னனான்தானே..."

"பொய்! நான் அங்கதான் நிண்டனான். நீ வேலை செய்யிற கிழவன்ர வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில!"

றோசா கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தாள். ஹென்றி குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலை மறித்து நின்றார். இரண்டாயிரத்தைந்து நவம்பர் அது. வருகிற வியாழன் அவருக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். படி ஏறாதே என்று டொக்டர் சொன்ன மனிசன், வில்லரேயில் இருக்கிற வீட்டிலிருந்து கிழவர் இருக்கிற ஊத்ரமோன் வரை போய், பெண்சாதியை வேவு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"சாப்பாடு சூடாக்கி, மருந்துக் குளிசை குடுக்கிறது உன்ர வேலை. இந்தக் குளிருக்குள்ள அங்க வாசல் கதவு ஏன் நீக்கலா இருக்கு? ஆர் வாறது?"

"ஒருத்தரும் வரேல்லை. ஷுல்மன் ஐயா யூதர். பிற மனிசியோட பூட்டின வீட்டுக்குள்ள இருக்கப்படாது எண்டது அவையின்ர சட்டம். உங்களைப் போல ஆக்கள் இருப்பினம் எண்டு முதலே தெரிஞ்சிருக்கு."

ஹென்றிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

"யன்னலால பாத்தால், கிழவன் காலைச் சேத்துச் சுவரைப் பாத்து நிக்குது. நீ பின்னால அதே மாதிரி. என்ன, வேதம் மாறுறியோ?"

"அது அவற்ற பின்னேரச் செபம். நிண்டுதான் சொல்லவேணும், ஆர் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. முடியேக்க மூண்டடி பின்னுக்கு வைக்கவேணும், ராசாவுக்கு முதுகு காட்டாமல் போற மாதிரி. ஓகஸ்டில அப்பிடிப் பின்னுக்கு வைக்கேக்க விழுந்துபோனார். எண்பத்தாறு வயசு. விழுந்தால் பிடிக்கத்தான் நிக்கிறன்."

"கதிரையில இருந்து சொல்லட்டுமன்."

"சொன்னனான். கால் இருக்குமட்டும் நிப்பாராம். செத்தவைக்கு வாயில்லையாம். ஆண்டவருக்குக் கிட்டப் போறதெண்டால் உசிரோட இருக்கேக்கதானாம்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஆனால் கண்ணால் கண்டது ஒன்று இருந்ததே!

"கிழவன்ர செபம் பத்து நிமிசத்தில முடிஞ்சுது. பிறகு அது இருந்து தேத்தண்ணி குடிக்குது, நீ இன்னும் நிக்கிறாய். வாயும் அசையுது. அது என்ன?"

றோசா அடுப்பைக் குறைத்தாள். அது ஏற்கனவே குறைத்துத்தான் இருந்தது.

"நானும் செபம் சொன்னனான்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கோ? சின்ன ஒப்பரேஷன், பயப்பிட ஒண்டுமில்லை எண்டு நீதானே சொன்னனீ? பாதரை வரச் சொல்லட்டோ எண்டு கேட்டாய். ஏதும் நடந்தால் பேந்து பூசை வை, இப்ப என்ன அவசரம் எண்டன். ஓமெண்டனீ!"

"பேந்து வைக்கிற பூசைக்கு நீங்கள் வரமாட்டியள்."

சொன்ன பிறகுதான் றோசா வாயைப் பொத்தினாள்.

ஹென்றி கதிரையை இழுத்து இருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எப்ப துவக்கம் இப்பிடி நிக்கிறாய்?"

"போன மாசம்."

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். பிரெஞ்சு உனக்குத்தான் விளங்கும், நீயே போய்க் கதை என்று இவளை டொக்டரிடம் அனுப்பிவிட்டு, இவர் வெளியில் இருந்தவர். திரும்பி வந்தவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். வெக்கை என்றாள்.

"றோசா, என்னைப் பார். அண்டைக்கு டொக்டர் உனக்கு என்ன சொன்னவர்?"