மாப்பிள்ளையின் படிவம்

மலையேற்றத்துக்குத் தன் கணவரும் வருகிறார் என்று தங்கை சொன்னபோது, லிஃப்ட் ஆய்வாளர் அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தார்.

“யாரு, நம்ம தூங்குமூஞ்சியா? ரெண்டாவது மாடிக்கே லிஃப்ட் எங்கன்னு தேடுற ஆளாச்சே.”

“அவராத்தான் கேட்டாருண்ணா. நான் கூப்பிடல,” என்றாள் தங்கை. அவள் சிரிக்கவில்லை.

ஆய்வாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வருடமாக அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் அது. அண்ணனும் தங்கையும் மட்டும், கூட ஒரு வழிகாட்டி, எட்டு நாள், நாலாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். வாரத்தில் நாலு நாள் முதுகில் எட்டு கிலோ மூட்டையுடன் பன்னிரண்டு மாடி ஏறி இறங்கிப் பழகிவந்தார். வேலை அவருக்கு அதற்குத் தோதாக இருந்தது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டின் கம்பி வடத்தையும் பிரேக்கையும் சோதித்து, சரியாக இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்தை நம்பி ஊரில் பாதிப் பேர் தினமும் அந்தரத்தில் தொங்கினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மாப்பிள்ளையோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கீழே கடை, மேலே வீடு. ஆய்வாளரின் அம்மாவும் அவர்களோடுதான் இருந்தாள். மதியம் இரண்டு மணிக்குப் போனால் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். இவரைக் கட்டி இழுத்துக்கொண்டு கணவாய்க்குப் போவதா என்று ஆய்வாளர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் தங்கை முகத்துக்காகச் சரி என்றார்.

வழிகாட்டியின் அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. சுவரோரம் சேறு காய்ந்த பூட்ஸ் வரிசை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பெரிய வரைபடம். வழிகாட்டி நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. இடது சுண்டு விரலில் நுனி இல்லை. குளிர் எடுத்துக்கொண்டது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார், யாரும் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்பதுபோல.

“ஏறுறது பெரிய விஷயமில்ல. எங்க படுத்துத் தூங்குறோம்ங்கறதுதான் விஷயம்,” என்று பென்சிலால் வரைபடத்தைத் தட்டினார். “மூவாயிரத்துக்கு மேல போயிட்டா, ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் நானூறு மீட்டருக்கு மேல ஏத்த மாட்டேன். மூணாம் நாளும் அஞ்சாம் நாளும் ஏற்றமே கிடையாது. அந்த உயரத்துக்கு உடம்பு பழகணும். சும்மா இருக்கணும்.”

“அந்த ரெண்டு நாளும் எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றார் மாப்பிள்ளை.

“மாப்பிள்ளைக்காகவே வெச்ச மாதிரி இருக்கு,” என்று ஆய்வாளர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வழிகாட்டி மூவர் விரலிலும் ஒரு கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று குறித்துக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு உடல்நலப் படிவம் கொடுத்தார்.

“இதை நான் மட்டும்தான் படிப்பேன். உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இங்க ஒண்ணுன்னா அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. அங்க ரெண்டு நாள் நடை.”

அடுத்த சனிக்கிழமை காலை, மூன்று படிவங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாக ஆய்வாளர் வாங்கிவைத்திருந்தார். தங்கையுடையது மடித்த தாளாக இருந்தது. மாப்பிள்ளையுடையது மட்டும் உறைக்குள். நன்றாகப் பசை போட்டு ஒட்டி, மேலே ‘வழிகாட்டி அவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது.

ஆய்வாளருக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எடையை மறைக்கத்தான் இவ்வளவு பந்தோபஸ்து. தொண்ணூறைத் தாண்டியிருக்கும். அதை மட்டும் தெரிந்துகொண்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு வாரு வாரிவிடலாம். அதே மாதிரி உறை மேசை இழுப்பறையில் இன்னொன்று இருந்தது, மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, கத்தியால் உறையைக் கிழித்தார்.

எடை எண்பத்து நாலு. ஏமாற்றமாக இருந்தது. மூடி வைக்கப் போனவரின் கண் ஒன்பதாவது கேள்வியில் விழுந்தது. இதுவரை செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள் என்ன? அதற்குக் கீழே, மூக்குக்கண்ணாடிச் சீட்டில் எழுதும் அதே பொடி எழுத்தில் மாப்பிள்ளை எழுதியிருந்தார்: ‘இடது சிறுநீரகம் எடுக்கப்பட்டது. ஆறு வருடம் ஆகிறது. தானம். பெற்றுக்கொண்டவர் என் மாமியார். எனக்கு இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை.’

ஆய்வாளர் அதை மூன்று தடவை படித்தார். மாமியார் என்றால் தன்னுடைய அம்மா என்பதே அவருக்குச் சட்டென்று உறைக்கவில்லை. உறைத்தபோது கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் வேறொரு நாட்டில் ஒப்பந்த வேலையில் இருந்தார். அம்மாவின் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை போன் செய்தாள். அண்ணா, நீ அங்கேயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாரேன் என்றாள். எடுக்கிறேன் என்றார். போகவும் செய்தார், பரிசோதனை நிலையத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தம் வரைக்கும். அங்கே நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து, பார்த்தாயிற்று, பொருந்தவில்லையாம் என்று தங்கையிடம் சொன்னார்.

சில மாதங்களில் தங்கையே கூப்பிட்டு, ஒருவர் கிடைத்துவிட்டார், விபத்தில் இறந்துபோனவர், பேர் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு விருப்பமில்லை என்றாள். அன்றைக்கு வந்த நிம்மதியில் அவர் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதம் கழித்து ஊருக்கு வந்தார். காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். ‘கடையை யாருய்யா பாக்குறது, தூங்குமூஞ்சி’ என்று கேட்டுவிட்டு ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பட்டப்பெயர் பிறந்தது அன்றைக்குத்தான். ஆறு வருடமாகப் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிவந்திருக்கிறார். அன்றைக்கு வேறு யாராவது சிரித்தார்களா என்று யோசித்துப் பார்த்தார். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை ஒரு பிரேமின் குட்டித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் கிழிந்த உறையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மாப்பிள்ளை அதைப் பார்த்தார். ஆணியை முழுதாக முடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“எதுக்கு மச்சான் பிரிச்சீங்க?”

“எடை பாக்கலாம்னு.”

“எண்பத்தி நாலு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

ஆய்வாளர் படிவத்தை உருவி எடுத்து, ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தார். “ஏன் மாப்பிள்ளை எங்கிட்ட சொல்லல? யாரோ செத்துப்போனவர்னு ஏன் சொன்னீங்க?”

“அத்தைதான் வேண்டாம்னாங்க.”

“ஏன்?”

மாப்பிள்ளை பிரேமைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “விடுங்களேன் மச்சான். முடிஞ்சு போன கதை.”

“எனக்குப் பொருந்தலன்னு நான் வருத்தப்படுவேன்னா?”

மாப்பிள்ளை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை அப்படித்தான் பார்ப்பார், எந்த எழுத்து வரை தெரிகிறது என்பதுபோல.

“நீங்க டெஸ்ட் எடுக்கலன்னு எங்களுக்குத் தெரியும்.”

தெருவில் ஒரு வண்டி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பீப் சத்தம் மட்டும் கடைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆஸ்பத்திரியில ஃபைலுக்கு உங்க ரிப்போர்ட்டைக் கேட்டாங்க,” என்றார் மாப்பிள்ளை தணிந்த குரலில். “நீங்க சொன்ன லேபுக்கு நான்தான் போன் போட்டேன். அப்படி ஒருத்தர் வரவே இல்லையேன்னாங்க. ஏதோ தப்புன்னு நெனச்சு மறுநாளும் போட்டேன். அதுக்கப்புறம் போடல.”

“அம்மாவுக்கும் தெரியுமா?”

“அத்தை பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க.”

ஆய்வாளர் வாடிக்கையாளர் உட்காரும் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரில் இருந்த நிலைக்கண்ணாடியில் ஒரு ஆள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“ஆறு வருஷம்,” என்றார். “ஆறு வருஷமா உங்களைத் தூங்குமூஞ்சின்னு…”

“நான் தூங்குறவன்தானே. அது கிட்னியால வந்தது இல்ல, அதுக்கு முன்னாடியே அப்படித்தான்.”

“திட்டுங்க மாப்பிள்ளை. ஏதாவது சொல்லுங்க.”

“அதுக்குத்தான் உங்க தங்கச்சி இருக்கா. அவ ஆறு வருஷமா பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கா. உங்ககூட எட்டு நாள் தனியா விட்டா எல்லாத்தையும் கொட்டிடுவா. அத்தைக்குக் கொடுத்த வாக்கு போயிடும். அதான் நானும் வரேன்னேன். இல்லன்னா மலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?”

அதைக் கேட்ட பிறகுதான் ஆய்வாளருக்குப் புரிந்தது. மலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையே இந்த மனிதருக்குக் கிடையாது. தன்னைக் காப்பாற்றத்தான் நாலாயிரத்து எண்ணூறு மீட்டர் ஏறக் கிளம்பியிருக்கிறார்.

அம்மா மேலே, ஏழு அறைகள் கொண்ட டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மகன் படியேறி வந்து எதிரில் நின்றதும் முகத்தைப் பார்த்தாள். மாத்திரை டப்பாவை மூடிவிட்டாள்.

“தெரிஞ்சிடுச்சா?”

அவர் தலையை ஆட்டினார்.

“உக்காரு.”

உட்கார்ந்தார். “பயமா இருந்துச்சும்மா,” என்றார்.

“தெரியும்டா.”

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

அம்மா தன் முன்கையை, ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன நரம்பைத் தடவிக்கொண்டாள். “கேட்டிருந்தா நீ இந்த வீட்டுக்கு வர்றதையே நிறுத்தியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? மொதல்ல வாரத்துக்கு ஒரு தடவைன்னு வருவ, அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் போன் மட்டும். எனக்குக் கிட்னியும் வேணும், மகனும் வேணும். அதான் வாயை மூடிக்கிட்டேன். அவங்க ரெண்டு பேர் வாயையும் மூடினேன். அது அவங்களுக்கு நான் செஞ்ச பாவம்.” டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தாள். “மாப்பிள்ளையை நீ கேலி பண்றப்பல்லாம் நான் எழுந்து உள்ள போயிடுவேன். ஆனா நிறுத்துடான்னு சொன்னா, ஏன்னு கேப்பியே.”

ஆய்வாளர் அழவில்லை. அழுதால் அம்மா சமாதானப்படுத்துவாள் என்று தோன்றியது. அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. மேசைமேல் உருண்டிருந்த ஒரு மாத்திரையை எடுத்து, இது எந்த நாளுக்கு என்று கேட்டார்.

“வியாழன் ராத்திரி,” என்றாள் அம்மா.

தங்கை அன்று மாலை வேலையிலிருந்து வந்து, மாடிப்படியிலேயே அவரை நிறுத்திவைத்துத் திட்டினாள். கால் மணி நேரம். நடுவில் யாரோ மூட்டையுடன் ஏறிப்போக வழிவிட்டு நின்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். திட்டி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான் இப்பவே மலை ஏறின மாதிரி இருக்கு,” என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

தான் வரவில்லை, நீங்கள் இருவரும் போய்வாருங்கள் என்று அப்போதுதான் அவர் சொல்லிப் பார்த்தார்.

“தப்பிச்சு ஓடலாம்னு பாக்காத,” என்றாள் தங்கை.

திங்கட்கிழமை மூவரும் சைக்கிள் கடை மாடிக்குப் போனார்கள். உறையைக் கிழித்தது நான்தான் என்று ஆய்வாளர் வழிகாட்டியிடம் சொன்னார்.

“எதுக்கு?”

“எடை பாக்க.”

வழிகாட்டி அவருடைய படிவத்தைக் கையில் எடுத்தார். “அப்ப உங்களோடதை நான் எல்லாருக்கும் சத்தமா படிக்கட்டுமா?”

“படிங்க.”

அவர் படிக்கவில்லை. மாப்பிள்ளையின் படிவத்தைத்தான் நிதானமாகப் படித்தார். சிறுநீரக டாக்டரிடமிருந்து கடிதம் வேண்டும், அது வராமல் தேதி குறிக்க மாட்டேன் என்றார். மேலே போனால் தண்ணீர் இவ்வளவு, தன்னைக் கேட்காமல் வலி மாத்திரை தொடக்கூடாது என்று விரல்விட்டுச் சொன்னார். மாப்பிள்ளை பள்ளிப் பிள்ளைபோல எல்லாவற்றையும் கடைச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. போகலாம் என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். அன்றைக்கே தேதி குறித்தார்கள். வழிகாட்டி கூடாரப் பட்டியலை எடுத்தார். ஒரு கூடாரத்தில் இரண்டு பேர்தான் படுக்க முடியும், அதுவும் தோளோடு தோள் இடிக்க. பெண்கள் இருவர், தானும் தங்கையும், ஒன்றில் என்று எழுதினார். அடுத்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுல. பரவாயில்லையா?”

ஆய்வாளர் வாயைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு மேலாகியும் மாப்பிள்ளை எதிரில் அவருக்கு முழுதாக ஒரு வாக்கியம் வந்ததில்லை. பரவாயில்லை என்று இவர் சொல்வதா? எந்த முகத்தோடு?

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றார் மாப்பிள்ளை. “ஆனா இப்பவே சொல்லிடறேன் மச்சான், நான் பயங்கரமா குறட்டை விடுவேன்.”

வழிகாட்டி இரண்டு பேரையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினார்.