ஏழாவது விண்ணப்பம்

...ஆறு வரைக்கும் ஆயிற்று. மழைக்காக, ஒடிசா மலையில் ஊழியம் செய்கிற நம் ஆட்களுக்காக, அவர்கள் ஏறி இறங்க ஒரு ஜீப்புக்காக, கிணற்று மோட்டாரில் காயில் மறுபடி எரியாமல் இருக்க, சமையல்கட்டுக்கு ஒரு கிரைண்டருக்காக, ஆறாவதாக லேயாளின் மடிநோய் தீர. லேயாள் என்பது தொழுவத்தில் நிற்கும் ஜெர்சி மாடு, அதற்கும் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாயிற்று, இனி ஏழாவது. ஏழாவதற்கு வரும்போது மட்டும் ஏன் நாக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது? மணி நாலேகால். ஐந்து மணிக்கு பெனிஷா வந்து என் தோளைத் தொடுவாள். தலைக்கு மேல் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது, அப்படியென்றால் மும்முனைக் கரண்ட் வந்திருக்கிறது. இந்த ஜெப அறை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிறது, நான்கு தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பிக் கதவு வைத்து அறை ஆக்கிவிட்டார்கள், அதனால் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்லலாம். காலித் தொட்டியில் தண்ணீர் சிமெண்டில் நேராக விழும், அறைகிற மாதிரி சத்தம். ஒரு சாண் சேர்ந்தபின் தண்ணீரில் தண்ணீர் விழும், சத்தம் உருண்டையாகிவிடும். குழாய் வாய் மூழ்கியதும் ஒன்றுமே கேட்காது, நிறைகிறது என்பதற்கு அந்த அமைதிதான் அடையாளம்... எவ்வளவு நேரம் இதையே கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன், ஜெபிக்க வந்த நேரத்தில்.

சன்னல் வழியே செம்மண் தேரி தெரிகிறது, காற்றுக்கு மணல் மெல்ல இடம் மாறுகிறது, முந்திரி மரங்களுக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கிறது, அதற்குக் கீழே குலசேகரன்பட்டினத்துக் கடல் இருக்க வேண்டும். அறுபது ஏக்கர் பண்ணை, அதற்குள்ளேயே எங்கள் ஊழியப் பயிற்சிப் பள்ளி, இருபத்துநாலு மாணவர்கள். விடியலில் தொழுவமும் முருங்கைத் தோட்டமும், பத்து மணிக்கு வேத வகுப்பு, பிற்பகல் ஒடியா பாடம், ஞாயிறு சாயங்காலம் மட்டும் கையில் போன். இரண்டு வருடம் முடிந்தால் மலைக்கு அனுப்புவார்கள். அனுப்புவதற்கு முந்தைய நாற்பது நாள் சங்கிலி ஜெபம். அது எப்படி என்றால், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் இந்தப் பாயில் இருக்க வேண்டும், அடுத்தவர் வந்து தோளில் இரண்டு முறை தட்டினால்தான் எழுந்திருக்கலாம், தட்டாமல் எழுந்தால் சங்கிலி அறுந்துவிட்டது என்று பொருள், முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். என்னென்ன ஜெபிப்பது என்பது நோட்டில் இருக்கும். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு தகரப் பெட்டி, விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஞானபாய் அக்கா, எங்கள் விடுதிக்காப்பாளர், பெட்டியைத் திறந்து வாசித்து நோட்டில் ஏற்றுவார். ஏழு: பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, தன் அழைப்பைக் குறித்த சந்தேகம் நீங்கி உறுதிப்பட. மூன்று வாரமாக இருக்கிறது அந்த வரி. எழுதிப்போட்டது நான்.

கையெழுத்து தெரியக் கூடாது என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன், கையெழுத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவள் மற்றதைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? ஒரு சகோதரி என்று எழுதினால் யார் அந்தச் சகோதரி என்று தேடுவார்களே, பதினோரு பெண்கள்தானே இருக்கிறோம். வாசித்த அன்று சாப்பாட்டு வரிசையில் ஜெபகனிதான் முதலில் வாயைத் திறந்தாள். “மாட்டுக்குக்கூட பேரு போட்டுருக்கு, ஏழாவதுக்குப் பேரு இல்ல பாரு. ஏளா, ஈவாஞ்சலின், யாரா இருக்கும்?” எனக்கு என்ன தெரியும் என்றேன். அவள் கண் மெல்ல நகர்ந்து பெனிஷாவின் மேல் போய் நின்றது. பெனிஷாவின் கண்கள் அன்றைக்குச் சிவந்து வீங்கியிருந்தன. அழுத கண் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அது சோளத்தட்டை தூசி. தட்டை வெட்டும் மிஷினில் நான் கட்டைத் தள்ள, அவள் மறுபக்கம் நின்று வாங்குவாள், வெட்டிய தூசியெல்லாம் காற்றாடி மாதிரிச் சுழன்று வாங்குகிறவள் முகத்துக்குத்தான் போகும், அவளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. எனக்குத் தெரியும். அன்று காலையில் கண்ணைக் கழுவத் தண்ணீர் ஊற்றியதே நான்தான். ஒரு வார்த்தை, தூசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்து யாரைப் பார்ப்பார்கள் என்று இருந்தது... ரசத்தை ஊற்றிக்கொண்டு போய்விட்டேன்.

எங்களில் சந்தேகமே இல்லாதவள் அவள். கீழவைப்பார்ப் பெண், ஊரே மாதா கோயிலுக்குப் போகையில் இவள் மட்டும் இங்கே வந்தவள், அப்பா படகில் போகிறவர், ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பினாராம், போனா முழு மனசோட போ, அரை மனசுன்னா வீட்டுக்கு வந்துரு. ஊழியத்துக்கு ஆண்டவரின் அழைப்பு எப்படி வந்தது என்று, இங்கே சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் எழுந்து சாட்சி சொன்னபோது, மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன், போ என்று ஒரு சொல் கேட்டது என்றாள், அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். சத்தமாவா கேட்டுச்சு என்றாள் ஜெபகனி. “ஐஸ் ஒடைக்க சத்தத்துலயும் கேட்டுச்சுன்னா பாத்துக்க.” ஒடியா எழுத்துகளை எங்களில் முதலில் பிடித்துக்கொண்டதும் அவள்தான், இதெல்லாம் ஆளுக்கொரு குடை பிடிச்சிட்டு நிக்கி பாருளா, அங்கன மழை ஜாஸ்தி போல என்பாள். அவளுக்குத்தான் மூன்று வாரமாக எல்லோரும் ஜெபிக்கிறார்கள். தட்டில் கூடுதலாக ஒரு முட்டை. கடந்து போகிறவர்கள் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பால் கறக்கும் வேலையிலிருந்து எடுத்து, நீ ரெஸ்ட் எடும்மா என்றார் ஞானபாய் அக்கா. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் காயப்படுத்திவிடுவோம் என்கிற நல்ல மனசு. முதல் வாரம் சிரித்தாள். “என்னளா, எல்லாருக்கும் என்ன ஆச்சு?” இரண்டாம் வாரம் கண்ணாடி முன் நின்று, என்னப் பாத்தா அப்பிடியா தெரியுது என்றாள். போன வாரம் கிணற்றடியில் துணி அலசியபடி, என் பக்கம் திரும்பாமலே, “ஒருவேள எனக்கே தெரியாம இருக்குமோளா? இத்தன பேருக்குத் தெரியுது...” அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோப்பு நுரை வாய்க்காலில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வருமுன் ஒரு வருடம் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் எடை மேடையில் வேலை பார்த்தேன். லாரி ஏறும், திரையில் எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். எடை எப்படித் தெரிகிறது என்று முதல் நாளே மெக்கானிக் பாண்டித்துரை அண்ணாச்சியிடம் கேட்டேன், அவர் மேடைக்கு அடியில் இறங்கிக் காட்டினார். பலகைக்குக் கீழே எஃகுக் கட்டைகள், லாரி ஏறினால் அந்த எஃகு ஒரு மயிரிழைகூட இல்லாத அளவு நசுங்கும், அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியும் சேர்ந்து நசுங்கும், நசுங்கினால் அதில் ஓடும் கரண்ட் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். எடையை நேராக யாரும் அளப்பதில்லை, எஃகு எவ்வளவு நசுங்கியது என்பதைத்தான் அளக்கிறோம் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். லாரி இறங்கினால் எஃகு நிமிர்ந்துவிடும், எண் பூஜ்யத்துக்கு வரும். தாங்க முடியாத பாரத்தைப் பல நாள் ஏற்றினால் மட்டும் முழுதாக நிமிராது, மேடை காலியாக இருக்கும், திரையில் நாற்பது கிலோ என்று நிற்கும், யாருமில்லாத நாற்பது கிலோ... அந்த வேலையிலேயே இருந்திருக்கலாம். எனக்கு ஏழு மாதத்தில் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்கு விடுவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தாள். நாசரேத்தில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அவள், யாரையும் அதட்டிப் பேச மாட்டாள், நேரம் வந்துட்டும்மா என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து சாட்சி சொன்னபோது அந்தப் பொருத்தனையைத்தான் சொன்னேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். சீட்டு என்னுடையது என்று சொன்னால் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போகும். அம்மா ஒன்றும் திட்ட மாட்டாள். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்பாள், அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

இன்று மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் ஞானபாய் அக்கா மெல்லிய குரலில் சொன்னார், “பெனிஷாவுக்க அப்பா ஆறு மணி பஸ்ஸுக்கு வாராவ. நான்தான் போன் போட்டேன். நாலு நாள் வீட்ல இருந்துட்டு வரட்டும்.” நாலு நாளா? அந்த அப்பா அரை மனசு என்று கேட்டபின் திருப்பி அனுப்புவாரா? மலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், முதல் பெயராக என்னுடையது இருக்கிறது. மேலே சத்தம் உருண்டையாகிவிட்டது. நாலே முக்கால். கண் செருகுகிறது, மணலும் வானமும் ஒரே நிறமாகிறது, ஒரு கணம் ஏதோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போலவும் யாரோ மேலே என்னைத் தேடுவது போலவும்...

கதவு திறக்கிற சத்தம். தோளில் தட்டு விழவில்லை. பெனிஷா பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், தலை வாரி, ஊருக்குப் போகிற சுடிதார் போட்டிருந்தாள். “இங்கன பேசக் கூடாதுன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஏழாவத முடிச்சிட்டியா?” இல்லை என்று தலையசைத்தேன். “அப்ப சத்தமா ஜெபி. மூணு வாரமா எனக்குப் பண்ணுதாவ, ஒருத்தர் வாயாலயும் நான் கேட்டதில்ல. எப்பிடி இருக்கும்னு கேட்டுட்டுப் போறேன்.” கண்ணை மூடினேன். ஆண்டவரே, பெயர் சொல்ல விரும்பாத அந்தச் சகோதரியை உம்முடைய கரத்தில்... ஜெபத் தமிழுக்கு ஒரு குணம் உண்டு, தொடங்கிவிட்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகும், அடுத்த சொல் தானாக வந்து நிற்கும், நினைக்கவே வேண்டாம். தாங்கும், திடப்படுத்தும் என்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் அவள் மூச்சு கேட்டது, மூக்கை உறிஞ்சாமல் இருக்க அவள் படும் பாடு கேட்டது. அந்தச் சகோதரி பெனிஷா இல்லை ஆண்டவரே, அந்தச் சீட்டை எழுதினது நான். அதற்குமேல் சொல் வரவில்லை.

“ஆமென் சொல்லவா, வேண்டாமா?” என்றாள் அவள். கண்ணைத் திறந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என் கண்ணு தூசியிலதான் செவந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா.” தெரியும் என்றேன். “தண்ணி ஊத்துனதே நீதான.” ஆமாம் என்றேன். பாயில் விரித்திருந்த ஜெப நோட்டை அவள் தன் பக்கம் இழுத்தாள், ஏழாவது வரியின் மேல் விரலை வைத்தாள். “சரி, இது ஒன்னோடது. அப்ப இப்ப எனக்குள்ள கெடக்கே, அது யாரோடதுளா? நாலஞ்சு நாளா தூக்கம் இல்ல. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கலியோன்னு கெடக்கு. நீ சொல்லிட்டேன்னு அது போயிருமா?” எதையும் எப்படி இயங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் நான், இதை யாரிடம் கேட்பது? அவள் கையை நீட்டி என் தோளில் இரண்டு முறை தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. “போ. அப்பாட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சாக்குன்னு நெனப்பாவ. எனக்கு இனி ஒரு மணி நேரம் எந்திக்க முடியாது பாத்தியா.” கண்ணை மூடிக்கொண்டாள். முதலாவதிலிருந்து தொடங்கினாளா, ஏழாவதிலிருந்தா என்று தெரியவில்லை.

பண்ணை வாசலுக்கு முக்கால் கிலோமீட்டர், மணலில் நடந்தால் இன்னும் கூட. முன்னே பின்னே பார்த்திராத மனிதரிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது, ஐயா என்றா, மாமா என்றா? ஐயா, அந்தச் சீட்டு என்னோடது, உங்க மக முழு மனசோடதான் இருக்கா. சொல்லிப் பார்த்தேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி மூன்று வாரத்துக்கு முன் உண்மை, இன்றைக்கு? அப்படியென்றால் அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும், சந்தேகம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான் என்று... அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. எனக்குச் சந்தேகமா? தூக்கம் போனது அவளுக்கு, கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொண்டது அவள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். பட்டியலில் முதல் பெயராக என் பெயரைப் பார்த்த அன்றும் தூங்கினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை என்பது எனக்கு நிச்சயம், அதில் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. போகமாட்டேன் என்று சீட்டில் எழுதிப் போட முடியாது, அதற்காக ஜெபிக்கும்படி கேட்கவும் முடியாது, சந்தேகம் என்றால் எழுதலாம், எழுதினேன், இருபத்துநாலு பேர் மூன்று வாரம் முழங்கால் போட்டார்கள். சற்று முன் கண்ணை மூடிச் சொன்னபோதுகூட ஆண்டவரிடமே சீட்டு என்னுடையது என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வாசலில் காத்து நின்று ஆறு மணியானது, பஸ் வந்து நின்று போனது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இறங்கி, இந்த வாசல்தானா என்று பலகையை நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கிறார், கையில் ஒரு பாலிதீன் பை, மகளுக்கு என்னவோ வாங்கி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், “பிள்ள, பெனிஷா இங்கனதான இருக்கா?” என்றார். ஆமாம் மாமா என்றேன், மாமா என்றுதான் வந்தது. அவளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன் என்று தொடங்கப் போனேன், இல்லை, அதுவும் சரியில்லை, முதலில் சொல்ல வேண்டியது என்னைப் பற்றி.