பன்னிரண்டாவது முகம்

தேவாலயத்தின் கார் நிறுத்தத்தில் வண்டிகள் எல்லாம் பின்கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மிட்டாய்க் கூடை. ஹாலோவீனுக்கு அந்த ஊர்க் குழந்தைகள் முதலில் வண்ணம் பூச டோரீனிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மிட்டாய்க்குப் போவார்கள். பூசணிக்காய், பூனை மீசை, சிலந்தி வலை. அவளுக்குத் தெரிந்தது அந்த மூன்றுதான்.

'புண் உள்ள முகத்துக்கு வண்ணம் இல்லை' என்று அவளே ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டாவதாக வந்தவன் பிரஸ்டன். மூக்குக்குக் கீழே தேன் காய்ந்தாற்போல் மஞ்சள் பொருக்கு. டோரீனின் கை நின்றது.

"சளி, டோரீன். துடைச்சுத் துடைச்சுத் தோல் உரிஞ்சு கெடக்கு. நீ போடு" என்றாள் அவன் தாய் திருமதி ஹாலிஸ். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவி. டோரீனுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. பூசணிக்காய் போட்டாள். அதே ஸ்பாஞ்சால் அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் போட்டாள்.

கடைசியில் கெய்லா வந்தாள். வீடு வாங்க வழியில்லாதவர்கள் வசிக்கும் ஆற்றோர டிரெய்லர் குடியிருப்புக் குழந்தை. தலையில் அட்டைப் பூனைக்காது, கன்னத்தில் சிவந்த திட்டு.

"அட்டையைப் படிச்சியா, கண்ணு? புண்ணுக்கு மேல பூசக்கூடாது."

"புண்ணு இல்லீங்க. குளிர் வந்தா இப்படி வறண்டுபோகும், யாருக்கும் ஒட்டாது" என்றாள் அவள் தாய் ரோண்டா.

"விதின்னா விதிதாம்மா."

"அப்ப கையில மீசை வரைவீங்களா?" என்றது குழந்தை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெய்லா கையிலும் மீசை இல்லாமல், வெறும் முகத்தோடு மிட்டாய் வாங்கப் போனாள்.

அடுத்த வாரத்துக்குள் ஒன்பது குழந்தைகளுக்கு மூக்கிலும் வாயோரத்திலும் புண். ஒட்டுப்புண் என்றார் மருத்துவர். திருமதி ஹாலிஸ் ஒரு தாளோடு தேவாலயக் கூடத்துக்கு வந்தாள்.

"எல்லாம் அந்த ஆத்தோரத்துப் பொண்ணாலதான். பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு, டோரீன். அந்தச் செவப்பை முதல்ல பாத்தவளே நீதானே!"

டோரீன் பேனாவை வாங்கினாள். எதிரே பலகையில் ஹாலோவீனன்று அவள் எடுத்த குழந்தைகளின் படங்கள், வண்ணம் பூசிய வரிசைப்படியே குத்தியிருந்தன. முதல் பதினொரு பேருக்கும் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது பிரஸ்டன். ஒன்பது பேரும் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். கெய்லாவின் படமே அதில் இல்லை.

"கண்ணாடி கொண்டாரலை, அப்பறம் போடறேன்" என்று பேனாவை வைத்துவிட்டு நேரே ஆற்றோரத்துக்கு வண்டியை விட்டாள்.

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். "மன்னிச்சிடு, ரோண்டா."

ரோண்டா அவளை உள்ளே கூப்பிடவில்லை. "இங்க வந்து காதோட காதா சொல்றீங்க. அன்னிக்கு என் பொண்ணை வேணாம்னது மட்டும் ஊருக்கே கேட்டுதே? அங்க போய்ச் சொல்லுங்க."

வேலை போய்விடும் என்ற நினைப்பு ஞாயிறுவரை டோரீனை விடவில்லை. ஆனாலும் தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் எழுந்தாள்.

"உங்க பிள்ளைங்க முகத்துல இருக்கற புண்ணு, நான் போட்டது. பன்னெண்டாவதா வந்த குழந்தைக்குப் பொருக்கு இருந்துது, பாத்தேன். அவங்க அம்மா யாருன்னும் பாத்தேன். அதோட என் அட்டையை மறந்துட்டேன். ரோண்டாவோட பொண்ணு வந்தப்பதான் அது ஞாபகம் வந்துது. அவகிட்ட ஒட்டுற நோய் எதுவும் இல்லை. பெரிய வீட்டுக்கு வளைஞ்சு கொடுத்துட்டு, ஏழை வீட்டுக்கு மட்டும் நிமிந்து நின்னா அது விதி இல்லீங்க, அநியாயம். அந்த அநியாயம் உங்க வீட்டுக்கும்தான் வந்து சேந்திருக்கு."

திருமதி ஹாலிஸ் பையிலிருந்து பாதி எடுத்த தாளை மறுபடி உள்ளே வைத்தாள். அதில் அவள் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது.