கோவில் பக்கத்து முனை

அந்த வருஷம் எங்கள் பாளையங்கோட்டை கிரிக்கெட் அணியின் பெரியவர்கள் மூன்று பேரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்கள், போன வேகத்திலேயே திரும்பி வருவார்கள். மத்தியானம் நான் சோற்றுப் பானையோடு மைதானத்துக்குப் போகும்போது மூவரும் புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் நேசையா வாத்தியார். இன்னொருவர் வக்கீல் குமாஸ்தா அப்பாத்துரை அண்ணாச்சி. மூன்றாமவர் வேதக்கோவிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாராக இருந்த பாக்கியசீலன். ஒரு காலத்தில் மதுரைக்காரர்களையும் தூத்துக்குடிக்காரர்களையும் நாள் பூராவும் வெயிலில் ஓடவிட்டவர்கள். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், முட்டைமேல் முட்டை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? “அண்ணாச்சிமாரு இனி மோர் கலக்கட்டும்வே” என்று இளவட்டங்கள் என் காதில் விழும்படியே பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மோரை அவர்கள் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் பெரியவர்களைக் கடைசியில் இறக்கலாம் என்று மட்டும் ஒருவனும் வாய் திறக்கவில்லை. கோவில் விருந்தில் முதல் பந்தி மூத்தவர்களுக்கு. ஆட்டத்திலும் அதே வரிசைதான். அதை மாற்றினால் மரியாதை என்ன ஆவது?

ஆட்டம் போனால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் புறவாசலுக்குப் போனேன். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிணற்றடியைத் தடவிக்கொண்டிருந்தார். கயிற்றைத் தேடிப் பிடித்து, வாளியை இறக்கி இறைத்து, பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார்.

“என்ன செய்யுதீங்க?”

“பழகிக்கிடுதேன்” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“எதுக்கு?”

வாளியைக் கீழே வைத்தார். பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். “அப்பாவுக்கு என் வயசுலதான் கண்ணு போச்சு. மொதல்ல கூசிச்சு, பெறவு மங்கிச்சு, பெறவு ஒண்ணுமில்ல. ஏளா இன்பம், எனக்கும் இப்பம் கூசுது. பந்து அவன் கையை விட்டு வாறது தெரியல. வெள்ளையா எரியுது. என்னன்னு பாக்கதுக்குள்ள குச்சி விழுந்துருது.”

என் மாமனார் கடைசிக் காலத்தில் இலையைத் தடவித் தடவிச் சாப்பிட்டார். பரிமாறியவள் நான்.

“தூத்துக்குடி ஆட்டம் முடியட்டும். திங்கக்கிழம பள்ளிக்கூடத்துத் துரைட்ட வேலை வேண்டாம்னு சொல்லிருதேன். கண்ணு தெரியாம பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஏமாத்தப்பிடாது. நீ யார்ட்டயும் சொல்லாத. அப்பாத்துரைக்கிட்டகூடச் சொல்லாத.”

“இத்தனை நாளா எங்கிட்டயே சொல்லலியே. நான் யாருக்குச் சொல்லப்போறேன்?” என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கண் போவதைவிட, அதைத் தனியாகச் சுமந்துகொண்டு இந்த மனுஷன் என் பக்கத்தில் சாப்பிட்டு எழுந்தாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்டத்தன்று வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் போகிறவள், காலையிலேயே பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். மைதானத்துக்கு மேற்கே கோவில். மதிலோரம் வண்டியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு நேர் முன்னால், கோவில் பக்கத்து முனையில், என் வீட்டுக்காரர் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மட்டையை ஊன்றி நின்றார்.

பந்து போடுகிறவனைப் பார்ப்போம் என்று தலையைத் தூக்கினேன். ஆளைக் காணவில்லை. கிழக்கே பனைகளுக்கு மேலே சூரியன் நின்றது, அதற்குள்ளிருந்து காலடிச் சத்தம் மட்டும் வந்தது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. குச்சி விழுந்த சத்தம் கேட்டது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். அடுத்து அப்பாத்துரை அண்ணாச்சி போனார், வந்தார். உபதேசியாரும் போனார், வந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம்வரை ஆடுகளம் வடக்கு தெற்காகத்தான் கிடந்தது. ஆனால் மட்டையை ஊன்றிக் குனிந்தால், ஒரு முனையில் நிற்கிறவரின் பின்புறம் நேரே கோவிலைப் பார்க்கும். உபதேசியாருக்கு அது பொறுக்கவில்லை. பெரியவர்கள் மூவரும் கூடி, ஜெபம் பண்ணி, ஆடுகளத்தையே கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டார்கள். திருப்பிய பிறகு குச்சிகளுக்குப் பின்னால் குனிந்து பந்து பிடிக்கிறவரின் பின்புறம் கோவிலைப் பார்த்தது. அது யார் கண்ணிலும் படவில்லை, நானும் சொல்லிக் காட்டவில்லை. கர்த்தருக்கு மரியாதை ஆயிற்று, காலைச் சூரியனோ மூஞ்சிக்கு நேரே வந்துவிட்டது. காலையில் முதலில் இறங்குகிறவர்கள் மூத்தவர்கள். சின்னப் பயல்கள் இறங்குகிற நேரத்துக்குச் சூரியன் உச்சிக்கு ஏறிவிடும். பெரியவர்கள் பயிற்சிக்குப் போவதும் கிடையாது, அது அவர்கள் அந்தஸ்துக்குக் குறைச்சலாம்.

ஆனாலும் பயம் விடவில்லை. வெயிலில் எனக்கும் கண் கூசியது வாஸ்தவம். அதனாலே அவர் கண் நல்ல கண் என்று ஆகிவிடுமா? மாமனாருக்கும் கூசித்தானே ஆரம்பித்தது. சூரியன் முகத்தில் அடிக்காதபோது பந்து தெரிகிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

உச்சிப்பொழுதாயிற்று. அவரவர் நிழல் அவரவர் காலடியில் கிடந்தது. எல்லாரும் புளியமரத்தடியில் இலைபோட்டு உட்கார்ந்தார்கள். நான் அவர் இலைக்கு மட்டும் சோறு வைக்கவில்லை.

“எந்திரிங்க. மட்டைய எடுங்க.”

“ஏளா, ஆளுக பாக்குதாக.”

“நல்லாப் பாக்கட்டும்.”

பந்தை எடுத்துக்கொண்டு கிழக்கு முனைக்கு நடந்தேன். முந்தானையை இடுப்பில் செருகினேன். போர்டிங் பள்ளிக்கூடத்தில் மாங்காய்க்குக் கல்லெறிந்து பிரம்படி வாங்கியவள் நான். பந்தியில் ஒருவரும் சோற்றைப் பிசையவில்லை. தூத்துக்குடிக்காரன் ஒருவன் சிரித்தான். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

நான் நகரமாட்டேன் என்று தெரிந்ததும் அவர் மட்டையோடு வந்தார். காலையில் நின்ற அதே முனையில், கோவில் பக்கத்தில் நின்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் இத்தனை பேருக்கு முன்னால் அவரை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவேன்? ஆண்டவரே, இது ஒன்றுதான் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீசினேன். இரக்கப்பட்டு மெதுவாகப் போடவில்லை. பொய்யாக ஒரு பந்து போட்டு ஆவதென்ன?

மட்டை அசைந்தது. பந்து என் தலைக்கு மேலே போய் வேலியோரம் விழுந்தது. அப்பாத்துரை அண்ணாச்சி சோற்றுக் கையோடு எழுந்து அதை எடுக்க ஓடினார்.

“தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“தையல் தெரிஞ்சுது, இன்பம்” என்றார். “பந்துல இருக்க தையல்கூடத் தெரிஞ்சுது. இங்கன நின்னு பாத்தா ஒம் மூஞ்சில வழியுத வேர்வைகூடத் தெரியுது.”

அண்ணாச்சி பந்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “தங்கச்சி, எனக்கும் ஒண்ணு போடுதியா? நானும் வீட்ல சொல்லல” என்றார். அவருக்குப் பின்னால் உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு வீட்டில் பூட்டிவைத்திருந்திருக்கிறார்கள்.

“இருங்க அண்ணாச்சி, அவுகளுக்கு இன்னொண்ணு போட்டுட்டு வாறேன்” என்று அடுத்த பந்தை வீசினேன். மட்டை அசையவே இல்லை. குச்சிகள் மூன்றும் சாய்ந்தன. தூத்துக்குடிக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன்.

“என்னங்க, இது தெரியலியா?”

அவர் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று சட்டென்று தெரியவில்லை, இரண்டும்தான்.

“கண்ணு நெறஞ்சிட்டுளா” என்றார்.

நான் குனிந்து, விழுந்த குச்சிகளை எடுத்து நட்டேன். எனக்கும் கண்ணை மறைத்தது, ஒன்று கோணலாகப் போயிற்று. அப்பாத்துரை அண்ணாச்சி அதைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டு அந்தக் கோணல் குச்சிக்கு முன்னால் போய் நின்றார்.