தாளிக்காத தெரு

வேப்பிலை யோசனை என்னுடையதுதான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

1963. பம்பாய் மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எனக்குக் கிளினிக். அது போக மருத்துவக் கல்லூரியில் வகுப்பு, மாதம் இருமுறை அம்மை ஒழிப்புக் கமிட்டி. தாராவித் தமிழர்கள் பெரியம்மை கண்டால் டாக்டரிடம் மூச்சு விடமாட்டார்கள். ஆனால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வேப்பிலை தொங்கும் வீட்டுக்கு நேரே வண்டியை அனுப்பி, நோயாளியைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடலாம் என்றேன். கமிட்டியில் கை தட்டினார்கள். முதல் வாரம் ஒரே தெருவில் பதினொரு பேரை வண்டி ஏற்றியது. நாலு பேர் திரும்பவில்லை. அடுத்த வாரம் மூன்று வீட்டில்தான் இலை. மூன்றாம் வாரம் ஒன்றுகூட இல்லை.

ஊருக்கெல்லாம் அம்மை குத்திய நான், என் எட்டு மாதப் பெண் அம்மிணிக்குக் குத்தவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கரப்பான் புண்; அதோடு குத்தக்கூடாது. ஆறட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தேன். அந்தப் பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. தாராவியில் அம்மை ஒழிந்தது என்றதும் என்னைப்போல் நிம்மதியாகத் தூங்கியவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒழிந்ததைக் காட்ட இரண்டு தமிழ் மாணவர்களை அந்தத் தெருவுக்கு அழைத்துப் போனேன். காலை பதினொரு மணி. எந்த வாசலிலும் ஓர் இலை இல்லை. தோல் கிடங்கில் வேலை செய்யும் பூலோகம் கைகட்டி நின்றான்.

"எல்லாரும் சொகமா இருக்காவ ஐயா. ஒரு கொறையும் இல்ல."

"பாத்தேளா?" என்று மாணவர்களிடம் பீற்றிக்கொண்டேன். "ரிப்போர்ட்ல பூஜ்யம்னு எழுதுங்கோ. ரெண்டு மணிக்கு ஆத்துக்குக் கொண்டு வாங்கோ, கையெழுத்துப் போடறேன்."

அவர்கள் போனபிறகுதான் ஏதோ குறைவதாகப் பட்டது. அடுப்புகள் புகைந்தன. சோறு கொதித்தது. ஆனால் ஐம்பது வீட்டில் ஒரு வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. எண்ணெய் காயும் வாசனையே இல்லை. அம்மன் இறங்கிய வீட்டில் தாளிக்கமாட்டார்கள்; அக்கம்பக்கத்திலும்தான். இலையை எடுத்துவிட்டார்கள், கட்டுப்பாட்டை விடவில்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ! பூலோகம் இன்னும் கைகட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வண்டிக்குப் போன் செய்யவேண்டும், தெரு முழுவதையும் சோதிக்கச் சொல்லவேண்டும் என்று கோபத்தோடு வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி பாகீரதி சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தாள். வாயில் ஒரு கவளம் வைத்துவிட்டுப் போன் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ரசம் விட்டாள். முதல் வாயிலேயே கை நின்றுவிட்டது.

"தாளிக்கலையா?"

குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சண்முகவடிவு உள்ளறை வாசலை மறித்து நின்றாள். அவளுக்கும் அதே தெருதான்.

"மூணு நாளா உடம்பு சுட்டுது. பல்லு முளைக்கறதுன்னு நீங்கதானே சொன்னேள்?" என்றாள் பாகீரதி. "கார்த்தால நீங்க போனப்பறம் பாத்தோம். மொகத்துல முத்துப் போட்டிருக்கு."

"எங்க அக்கா மவ அந்த வண்டியில போனவதான் ஐயா," என்றாள் வடிவு. "திரும்பி வரல."

எழுந்து போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் எட்டு மாதக் குழந்தை. கூடத்துக்கு வந்து டெலிபோனில் கை வைத்தேன். பாகீரதி தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"சார், ரிப்போர்ட்," என்று வாசலில் குரல் கேட்டது.

கதவை ஒரு சாண் மட்டும் திறந்து காகிதத்தை வாங்கினேன். பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டேன்.