கிட்டத்தில் எல்லாம் தெரிகிறவள்

தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளை முகத்தருகே பிடித்து, பிசிறு, விட்டுப்போன தையல், கோணல் பட்டன் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. ஒவ்வொரு சட்டையிலும் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்ற முடிவோடுதான் கையிலேயே எடுப்பாள். அந்தப் புத்தி அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். பால் தண்ணீராக இருந்தால் சண்டை போடுவது இருக்கட்டும், கெட்டியாக இருந்தாலும் என்னத்தைக் கலந்தானோ என்பாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் மகள் கண்ணாடி கேட்டாள்.

"போர்டுல எழுதுறது சரியாத் தெரியலம்மா."

"எப்போலேருந்து? உன் ஃப்ரெண்ட் தங்க ஃப்ரேம் போட்டுட்டு வர ஆரம்பிச்சதுலேருந்தா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். போதாதா? குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை அம்மா. மாத்திரை அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நீட்டினாள். மகள் கடகடவென்று படித்தாள். இருப்பதிலேயே மெல்லிய ஊசியைக் கொடுத்தாள். முதல் தடவையிலேயே நூல் கோத்துவிட்டாள். கடைசியாக ஒரு துணியைக் கொடுத்து, இழை எங்கே விட்டிருக்கிறது என்று கேட்டாள். மகள் அதை மூக்கருகே கொண்டுபோய், சரியான இடத்தில் விரலை வைத்தாள்.

"கழுகுக் கண்ணு! உனக்கா தெரியல? யார்கிட்டடி கதை விடுற?"

விசாரணை அத்தோடு முடிந்தது. கிட்டத்தில் பார்த்தே காலம் தள்ளியவளுக்குக் கண்ணைச் சோதிக்க வேறு வழி தோன்றவேயில்லை.

அதற்குப் பிறகுதான் தெருவில் அது நடந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிர்ப்புறம் மகள் தோழிகளோடு வந்தாள். அம்மா கை அசைத்தாள். மகள் கண்ணை இடுக்கிக்கொண்டு நேராக இந்தப் பக்கமே பார்த்தாள். பிறகு பேச்சைத் தொடர்ந்தபடி போயேவிட்டாள். தொழிற்சாலை உடுப்போடு நிற்கிறவளை அம்மா என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறதோ? வீட்டில் கேட்டதற்கு, "நீ எங்கம்மா நின்ன?" என்றாள் மகள், ஒன்றுமே தெரியாதவள்போல. என்ன நடிப்பு!

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது பாதி உயிர் போய்விட்டது.

"பரீட்சையில பக்கத்துப் பொண்ணு பேப்பரை எட்டிப் பாக்குறா," என்றார் டீச்சர். "கேட்டா, போர்டுல இருக்கிற கேள்வி தெரியல, அதைத்தான் பாத்தேங்கிறா. கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. கண்ணுல குறை இல்லன்னா காப்பி அடிச்சதா எடுத்துக்குவோம். முழுப் பரீட்சைக்கு உக்கார முடியாது."

வழி நெடுக அம்மா குடைந்தெடுத்தாள். "இப்பவே உண்மையச் சொல்லிடு. அங்க போய் மானம் போக வேணாம்."

"சொன்னதுதாம்மா உண்மை," என்றாள் மகள், திரும்பத் திரும்ப.

டாக்டர் மாடியில் இருந்தார். கீழே கண்ணாடிக் கடை. ஓகோ, இப்படிப் போகிறதா கதை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

சுவரில் தெரிந்த எழுத்துகளில் மேலே இருந்த பெரியதை மட்டும் படித்துவிட்டு மகள் நின்றுவிட்டாள். டாக்டர் அவள் கண்ணில் மருந்து விட்டுக் காக்கவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"நடிக்கிறா டாக்டர். மாத்திரை அட்டையப் படிக்கிறவளுக்கு இது தெரியாதா?"

"அட்டையப் படிப்பாங்க. இது கிட்டப்பார்வை. கண்ணு உருண்டை கொஞ்சம் நீளமா வளந்திருக்கு. தூரத்துல இருக்கிறதோட பிம்பம் விழித்திரைக்கு முன்னாலயே விழுந்துடும், அதான் மங்கல். கிட்ட இருக்கிறது மட்டும் பளிச்னு தெரியும்."

"கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும். கீழ இருக்கிறவங்களுக்கும் வியாபாரம் ஆகும். அப்படித்தானே?"

டாக்டர் சிரித்தார். "எந்தக் கடையில வேணும்னாலும் வாங்குங்க. போடாம விட்டாலும் ஏறும்மா. வளர்ற வயசு, கண்ணும்தான் வளரும். தினமும் பகல் வெளிச்சத்துல வெளிய விளையாட விடுங்க. புத்தகத்தை மூக்குல ஒட்டிக்காம, நடுநடுவுல நிமிந்து தூரத்தைப் பாக்கட்டும். வருஷா வருஷம் காட்டுங்க. சரி, உங்க பொண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்க, இதைக் கொஞ்சம் நீங்க போடுங்க."

சோதனைச் சட்டம் ஒன்றில் வில்லைகளைச் செருகி அம்மாவின் மூக்கில் மாட்டினார். அம்மா பழக்கதோஷத்தில் தன் சட்டைக் கையை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

"நல்லாத்தானே தெரியுது!"

"இப்ப நிமிந்து உங்க பொண்ணைப் பாருங்க."

நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரோரம் மகளின் உடுப்பு இருந்தது, சடை இருந்தது, முகம் இல்லை. அவள் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா, ஒன்றும் பிடிபடவில்லை. சட்டத்தை வெடுக்கென்று கழற்றினாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தந்ததை வாங்கிக்கொண்டு அம்மா இறங்கினாள்.

கண்ணாடியை வேறு கடையில்தான் வாங்கினாள். அத்தனை நடந்தும் புத்தி போகுமா? தயாரான அன்று வாசலோரம் நின்று, மகள் முதலில் தன் அழகைத்தான் பார்த்துக்கொள்வாள், தெரியாதா எனக்கு என்று உதட்டைச் சுழித்தபடி கவனித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிவிட்டார். மகள் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மாவைத் தேடித் திரும்பினாள். வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பியவள், அம்மாவின் முகம் தெரிந்ததும் அப்படியே நின்றாள்.

"அம்மா, தள்ளி நிக்கும்போதெல்லாம் நீ என்னை இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?"

அம்மா அவசர அவசரமாக முகத்தை மாற்றிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

மகள் அதையும் பார்த்தாள்.