தோள்பட்டைக்கு இரண்டு

எட்டு மாதமாக அமதோரை யாரும் திட்டவில்லை.

துக்கத்துக்காகச் சட்டைக் கையில் கறுப்புப் பட்டை தைத்தவனிடம் ஒரு வருஷம் கேலி பேசக் கூடாது. கொல்ச்சாகுவா பள்ளத்தாக்கில் அது எங்கும் எழுதாத சட்டம். அவன் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் சிரிப்பு நின்றது. மதுக்கடையில் சீட்டாடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் மனைவி எத்தெல்வினா ஜூலை மழையில் இறந்தாள். இப்போது மார்ச். பாப்ளார் இலைகள் நுனியில் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. உலகம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தமில்லாமல், மரியாதையாக நடந்துகொண்டிருந்தது.

அவன் குதிரைமேல் இருந்தான். எப்போது ஏறினோம் என்றுகூட ஞாபகமில்லை. அரைநிலா என்று அழைக்கப்படும் அந்த வட்டத் திடலில் மதிய வெயில் புழுதியோடு கலந்து தேன் நிறத்தில் தொங்கியது. பெஞ்சுகளில் எம்பனாடா தின்றுகொண்டிருந்தவர்கள் வெகு தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் போலத் தெரிந்தார்கள்.

அவனுக்குக் கீழே நெப்ளினா மூச்சு விட்டாள். மூடுபனி நிறக் குதிரை. தோன் எலியோதோரோவின் பண்ணையில் பிறந்தவள். அவளைப் பழக்கியது எத்தெல்வினா. பண்ணைக்காரர் போட்டி தொடங்குமுன் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"அமதோர், தப்பா எடுத்துக்காதப்பா. இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இறுதிப் போட்டிக்குத் தேறிட்டா நெப்ளினா உன்கிட்டயே இருக்கட்டும். தேறலேன்னா குரிக்கோல இருக்கற என் மருமகனுக்கு அனுப்பிடறேன். அவனோட லாரி வெளிய நிக்குது. நல்ல குதிரை சும்மா நிக்கக் கூடாது பாரு."

"சரிங்க முதலாளி," என்றான் அமதோர். வலிக்க வேண்டிய இடத்தைத் தேடினான். அகப்படவில்லை.

ஒரு காலத்தில் இந்தப் போட்டி வெறும் பண்ணை வேலை. மலையிலிருந்து இறங்கிய மாடுகளைப் பிரித்து, சூடு போட்டு, அவரவர் தொழுவத்துக்கு ஓட்டுவது. சதுரப் பட்டியில் செய்ததைப் பிறகு வட்டத்தில் செய்தார்கள். வேலை பந்தயமாயிற்று. பந்தயத்துக்கு எண் வந்தது, எண்ணோடு நடுவரும் வந்தார். மூன்று வருஷத்துக்கு முன் தலைநகர் சந்தியாகோவில் இதைத் தேசிய விளையாட்டு என்று அறிவித்தபோது, எத்தெல்வினாவின் அண்ணன் பவுதிலியோ ரேடியோவைப் பார்த்துக் கும்பிட்டான். "கேட்டுக்கடா மாப்ள. இதுவரைக்கும் நீ விழுந்தா நான் மட்டும் சிரிச்சேன். இனிமே நாடே சிரிக்கும்."

அந்தப் பவுதிலியோதான் இவனுக்கு ஜோடி. இருவர் சேர்ந்துதான் இதை ஓட முடியும். ஒரு குதிரை கன்றுக்காளையின் பக்கவாட்டில் ஓடும். மெத்தை கட்டிய சுவர் வந்ததும் மார்பால் அதை மோதி நிறுத்தும். மற்றது பின்னாலிருந்து ஓட்டிவரும். பக்கவாட்டில் ஓடுகிறவனுக்குக் கன்று மட்டும்தான் தெரியும். எப்போது மோதுவது என்பதைப் பின்னால் வருகிறவன் சொல்ல வேண்டும். பவுதிலியோ அதை எப்போதும் வசவாகத்தான் சொல்லுவான். மாவு மூட்டையே, உருளைக்கிழங்கே, என் தங்கச்சி வாழ்க்கையக் கெடுக்க வந்தவனே, இப்ப! அந்த 'இப்ப' விழும் இடத்தில் நெப்ளினா தானே திரும்புவாள்.

இந்தப் பருவம் முழுக்கப் பவுதிலியோ மென்மையாக, "இப்போ மாப்ள," என்றுதான் சொன்னான். மாதாகோயிலில் பேசுகிற குரலில். அது காதில் விழுவதற்குள் கன்று கடந்துபோயிருக்கும்.

இன்றும் அப்படித்தான். மூன்று கன்று முடிந்திருந்தது. ஒன்றில் மூன்று புள்ளி, ஒன்றில் ஐந்து, ஒன்றில் சுழியம். கடைசிக் கன்று பாக்கி. அதில் மூன்று மோதல். விலாவுக்குப் பின்னால் பட்டால் நான்கு, விலாவில் பட்டால் மூன்று, தோள்பட்டையில் பட்டால் இரண்டு. மற்ற ஜோடிகளும் சொதப்பியிருந்ததால் இந்தக் கன்றில் மட்டும் பதினொன்று எடுத்தால் தேறிவிடலாம்.

வாசல் பட்டியில் காத்திருக்கும்போது அமதோர் சொன்னான்: "மச்சான், திட்டு."

"என்னது?"

"பழைய மாதிரி திட்டு."

பவுதிலியோவின் கண் கறுப்புப் பட்டைக்குப் போயிற்று. "எப்படிடா? ஊரே பாக்குது. துக்கக்காரன வாய்க்கு வந்தபடி பேசினா எங்கம்மா என்னைத் தொலைச்சிருவா."

"பேசலேன்னா குதிரை போயிரும்."

"தெரியும்டா. தொண்டை வரைக்கும் வருது. அங்கயே நின்னுக்குது."

கதவு திறந்தது.

கன்று செம்மண் நிறத்தில் பாய்ந்தது. நெப்ளினா அதன் தோளோடு தோளாகச் சேர்ந்தாள். சுவர் வளைந்துகொண்டே வந்தது; பெஞ்சுகள், கொடிகள், தொப்பிகள் எல்லாம் மெதுவாக, கனவில் ஆறு போவதுபோலப் போயின. ஒரு சத்தமும் இல்லை. இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது. சுவர் முடியாமல், கன்று நிற்காமல்.

பின்னால் ஏதோ உடைந்தது.

"அடேய் மாவு மூட்டை! எத்தெல்வினா இருந்திருந்தா இன்னேரம் மோதிட்டு வீட்டுக்குப் போயி சூப் வச்சிருப்பாடா! இப்ப!"

எட்டு மாதமாக யாரும் வாயில் எடுக்காத பெயர். நெப்ளினாவின் காது திரும்பியது. அவள் திரும்பினாள். மெத்தை அதிர்ந்தது.

"நான்கு!" என்றது ஒலிபெருக்கி.

பெஞ்சில் ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். பவுதிலியோவின் முகம் சிவந்திருந்தது. அதற்குமேல் அவனால் நிறுத்த முடியவில்லை. திரும்பும்போது அவன் குதிரை மோத வேண்டும், அமதோர் ஓட்ட வேண்டும். "தள்ளுடா! ஊர்வலத்துக்கா வந்திருக்க? அவ உன்னை எதப் பாத்துக் கட்டினாளோ, அந்தத் தொப்பியப் பாத்தா?" பவுதிலியோவின் கறுப்புக் குதிரை மோதியது. மறுபடி நான்கு.

மூன்று போதும்.

மறுபடி அமதோரின் முறை. கண்ணாடியில் விரிசல் விட்டதுபோல சத்தங்கள் உள்ளே வந்தன. குளம்பு, கன்றின் மூச்சு, பெஞ்சுக் கூச்சல். எல்லாவற்றுக்கும் அடியில் அவள் பெயர். ஜூலை மழை வந்தது. ஓட்டில் விழுந்த மழை. அவன் கண் ஒரு நொடி மங்கியது.

"இப்ப! இப்ப, கழுதை!"

அவன் கை ஒரு கணம் முந்திவிட்டது. நெப்ளினா கன்றின் தோள்பட்டையில் மோதினாள்.

"இரண்டு."

பத்து.

வெளியே, வேலிக்கு அப்பால், லாரியின் பின்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். குரிக்கோ ஆள் ஒருவன் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தான். பலகைமேல் முன்கால் வைத்த நெப்ளினா பின்வாங்கினாள். இன்னொருவன் பின்னாலிருந்து தள்ளினான். நகரவில்லை. மூன்றாம் தடவை பலகையே புரண்டுவிட்டது.

"அடம் புடிச்ச பொட்டை," என்றான் ஆள், மூச்சு வாங்க. "ஏறலேன்னா விட்டுட்டுதான் போகணும். இருட்டறதுக்குள்ள நான் குரிக்கோ போகணும்."

பவுதிலியோ அமதோரின் விலாவில் முழங்கையால் இடித்தான். "பேசாம நில்லு," என்று கிசுகிசுத்தான். "ஏறலேன்னா நம்மகிட்டயே நின்னுரும்."

அமதோர் பேசாமல்தான் நின்றான். எட்டு மாதமாக அதைத்தானே செய்தான். இன்னும் கொஞ்ச நேரம் போதும். ஆள் சாட்டையை எடுத்தான். நெப்ளினாவின் தொடை நடுங்கியது. அவள் கண் வெள்ளை தெரியச் சுழன்று அமதோர்மேல் வந்து நின்றது.

அவன் முன்னால் போய் ஆளின் கையிலிருந்து கடிவாளத்தை வாங்கினான்.

"என்னடி," என்றான். தன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "மகாராணிக்குக் கம்பளம் விரிக்கணுமா? எத்தெல்வினா உனக்கு இதையா கத்துக்குடுத்தா? சோளம் திங்கறப்ப மட்டும் வாய் நீளுது, வேலைன்னா கால் நோகுதா? ஏறு. ஏறுடி சோம்பேறி."

எத்தெல்வினாவின் வசவுகள் அவை. நெப்ளினா தலையைத் தாழ்த்தி அவன் தோளில் மூக்கை வைத்தாள். பிறகு ஏறினாள். நாலு குளம்பும் பலகைமேல் சத்தமாக விழுந்தன.

"அமைதியா ஓட்டினா இவ ஓட மாட்டா," என்று அமதோர் ஆளிடம் சொன்னான். "உங்க சின்ன முதலாளிகிட்ட சொல்லுங்க. வாய் ஓயாம பேசணும். திட்டினாலும் பரவாயில்ல."

"அவரு ரொம்ப மரியாதைக்காரருங்க."

"பழகிக்கச் சொல்லுங்க."

லாரி பாப்ளார் மரங்களுக்கிடையே போயிற்று. புழுதி மெல்ல இறங்கியது. அமதோர் தொப்பியால் முகத்தைத் துடைத்தான். அது நனைந்திருந்தது.

இருவரும் கறுப்புக் குதிரையை நடத்திக்கொண்டு வீட்டுப் பாதையில் நடந்தார்கள்.

"கன்னு வழுக்கிருச்சு," என்றான் அமதோர்.

"யாரு? கன்னா?" பவுதிலியோ நின்றே விட்டான். "கன்னு நேராத்தான் ஓடிச்சு! நான் தொண்டை கிழியக் கத்தறேன், நீ அங்க என்ன பூப் பறிச்சிட்டிருந்தியா? தோள்பட்டையில கொண்டு போய் மோதிட்டு கன்னு வழுக்கிருச்சாம்!"

"நீ ரெண்டு தடவை 'இப்ப'ன்ன. எந்த இப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது இப்படா! கழுதைன்னு சொன்னேனே, அந்த இப்ப!"

திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவன் தயங்கி, பிறகு வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினான்:

"தோள்பட்டைக்கு எத்தனை அமதோர்?"

"ரெண்டு!" என்று திருப்பிக் கத்தினான் அமதோர்.